உப்பை விட்டிருந்த மாதங்கள்

நாலு பேர் நடுவில் எனக்குப் பேச வராது. கல்யாண வீட்டில்கூடக் கடைசி வரிசை நாற்காலியாகப் பார்த்து உட்காருகிறவள் நான். ஆஸ்பத்திரியில் எனக்கு நேர்ந்ததை என் வயதுப் பெண்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள், ஒரு கூட்டம் ஏற்பாடு செய்கிறேன் என்று அங்கே என்னைப் பார்த்த டாக்டரம்மா கேட்டார். எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றாலும், பேப்பர் படிப்பதையும் எழுதுவதையும் நான் விடவில்லை. பிழை இருந்தால் என் மருமகள் வசந்தா திருத்திக் கொடுப்பாள். எழுத்தை மட்டும் திருத்து, என் பேச்சைத் திருத்தாதே என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

நான் நெரவியில் தனியாக இருக்கிறேன். அவர் போனபிறகும் அந்த வீட்டை விட்டு வரவில்லை. மகன் முருகையனுக்குக் காரைக்காலில் அரசாங்க வேலை. அவனும் வசந்தாவும் தலத்தெருவில் ஒரு மாடி வீட்டில் இருக்கிறார்கள். கூப்பிட்டால் வந்துவிடும் தூரம்தான். விடிந்ததும் வாய்க்கால் வரைக்கும் ஒரு நடை, வந்து கீரைப் பாத்திக்குத் தண்ணீர், சமையல், பிறகு மத்தியானத்தில் பாக்கியம் அக்கா வீட்டுக் கொட்டகையில் தாயம். இதுதான் என் நாள். பாக்கியம் அக்கா எனக்கு உறவில்லை, தெருக்காரர். என்னைவிட மூத்தவர். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் தெருவையே அதட்டிக்கொண்டிருப்பார்.

என் நோய் முதலில் தாயக்கட்டத்தில்தான் தெரிந்தது. அதுவும் எனக்குத் தெரியவில்லை, பாக்கியம் அக்காவுக்குத்தான் தெரிந்தது.

தாயம் ஆடாதவர்களுக்காகச் சொல்கிறேன். கட்டையை உருட்டி, விழுகிற எண்ணுக்குக் காயை நகர்த்த வேண்டும். எதிராளி காய் நிற்கிற கட்டத்தில் நம் காய் போய் விழுந்தால் அதை வெட்டலாம். வெட்டுப்பட்ட காய் வெளியே போய், மறுபடி தாயம் விழுந்தால்தான் உள்ளே வரும். சுற்றி முடித்து நடுக்கட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தால் அந்தக் காய் பழம். குறுக்குக் கோடு போட்ட கட்டம் மலை. மலையில் நிற்கிற காயை யாரும் வெட்ட முடியாது. அவ்வளவுதான் ஆட்டம். ஆனால் எந்தக் காயை நகர்த்துவது, எதை நிறுத்துவது, அடுத்தவளுக்கு என்ன விழுந்தால் நமக்கு ஆபத்து என்று மனசு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பேசப் பயப்படுகிற நான் அங்கே மட்டும் யாருக்கும் பயப்பட மாட்டேன்.

ஐப்பசி மழை ஆரம்பித்த சமயம். எனக்கு ஆறு விழுந்தது. எண்ணிப் போய் ஒரு காயை எடுத்து வெளியே வைத்தேன்.

"ஏ செண்பகம், என்னாடி பண்ற? அது ஓங் காயி."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சேதான் வெட்டுனியா? அப்ப நான் எதுக்கு இங்க ஒக்காந்திருக்கேன்? நீயே உருட்டி நீயே வெட்டிக்க. நான் போயி அடுப்பப் பாக்குறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் எதற்குச் சிரிக்கிறோம் என்று எனக்குப் புரியவில்லை. என் காய் கறுப்புச் சோழியா வெள்ளைச் சோழியா என்பதே மறந்துபோயிருந்தது. பாக்கியம் அக்கா மட்டும் பாதியில் சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

அதற்குப் பிறகு தலை பாரமாகவே இருந்தது. வயிற்றைக் குமட்டியது. கால் பஞ்சின்மேல் வைத்த மாதிரி இருந்தது. வயதானால் இப்படித்தான் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் மழையில் ரேஷன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறேன். அன்றைக்கு ரேஷன் கடையே கிடையாதாம். பஸ் நிற்கிற இடத்தில் நனைந்துகொண்டு நின்ற என்னைப் பாக்கியம் அக்கா வந்து கையைப் பிடித்தபோது, "பெரியம்மா, அப்பா வந்துட்டாரா?" என்று கேட்டேனாம். இதெல்லாம் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆட்டோவில் ஏறும்போது கால் மடங்கி விழுந்தேன் என்பது மட்டும் கனவு போல நினைவிருக்கிறது.

காரைக்காலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மகன் ஆபீசிலிருந்து நேராக ஓடி வந்தான். என் செருப்பு தொலைந்துவிடக்கூடாது என்று அதைப் பேப்பரில் சுற்றித் தன் ஆபீஸ் பையில் வைத்துக்கொண்டான். சாப்பாட்டு டப்பாவோடு செருப்பு. அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவன் செருப்பை நான் தூக்கிக்கொண்டு எத்தனை திருவிழாவில் அலைந்திருப்பேன்.

முதலில் பக்கவாதமா என்று பார்த்தார்கள். கையைத் தூக்கச் சொன்னார்கள், பல்லைக் காட்டச் சொன்னார்கள். பிறகு தலைக்கு ஸ்கேன். ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்த நேரம்தான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. குளிரும் அறை, யாரும் யாரையும் பார்ப்பதில்லை, கதவு திறக்கும்போதெல்லாம் எல்லாத் தலையும் நிமிர்கிறது. வசந்தா தன் சேலைத் தலைப்பால் என் தோளைப் போர்த்திக்கொண்டு ஒட்டி உட்கார்ந்தாள். உள்ளே ஒன்றும் வலிக்கவில்லை. ஒரு பெரிய வளையத்துக்குள் தலையை நீட்டிப் படுக்க வைக்கிறார்கள், அது கரகரவென்று சுற்றுகிறது. அசையாமல் இருந்தால் போதும். பயப்படுகிறவர்கள் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், நான் மூடிக்கொண்டேன்.

தலையில் ரத்தக்கசிவு இல்லை, அடைப்பும் இல்லை. வயதுக்குத் தகுந்த சுருக்கம் மட்டும் இருக்கிறது என்றார்கள். ரத்தப் பரிசோதனையில்தான் பிடிபட்டது. உடம்பில் உப்பு மிகவும் குறைந்திருந்தது. அதைச் சோடியம் என்கிறார்கள்.

வார்டில் ஒரு சின்ன டாக்டரம்மா இருந்தார். சுரக்குடிப் பெண். வயலும் வரப்பும் உள்ள வீட்டில் பிறந்து படித்து வந்தவர். அவர்தான் என் கட்டிலில் உட்கார்ந்து புரிகிற மாதிரி சொன்னார்.

"ஒடம்புல இருக்குற தண்ணிக்கு இவ்வளவு உப்புன்னு ஒரு கணக்கு இருக்கு பாட்டி. உப்பு கொறஞ்சா அந்தத் தண்ணி மூளைக்குள்ள போயி ஊறிக்கும். மண்டைக்குள்ள மூளை ஊதுறதுக்கு எடமேது? அதான் ஆள் தெரியாம, எடம் தெரியாம போவுது."

"சரியாப் போயிடுமா?"

"போயிடும். ஆனா மெதுவாத்தான் ஏத்தணும். அவசரப்பட்டு ஏத்துனா மூளைக்கு வேற ஆபத்து வந்துடும். அதனாலதான் அடிக்கடி ரத்தம் எடுக்குறோம். கோச்சிக்காதீங்க."

பாட்டில் ஏறியது. அதை எல்லாரும் குளுக்கோஸ் குளுக்கோஸ் என்றுதான் சொன்னார்கள். ஊசி குத்திக் குத்திக் கை கறுத்துப்போனது. ராத்திரிகளில் தூக்கம் வராது, யாராவது இருமுவார்கள், யாராவது முனகுவார்கள், அதைக் கேட்டுக்கொண்டு கிடப்பேன். ஆனால் பனி விலகுவது மாதிரி தலை தெளிந்துகொண்டே வந்தது. கறுப்புச் சோழி என்னுடையது என்று திடீரென்று நினைவு வந்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

பெரிய டாக்டர் என்னிடம், "சாப்பாட்டுல உப்பு சேத்துக்கிறீங்களா?" என்று கேட்டார். பக்கத்தில் மகன் நின்றுகொண்டிருந்தான். நான் தலையை ஆட்டினேன், சேர்த்துக்கொள்கிறேன் என்று. அது பொய்.

ஏன் பொய் சொன்னேன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் ஆடியிலும் தையிலும் செவ்வாய்க்கிழமைகளில் பெண்கள் மட்டும் கூடிச் செவ்வாய்ப் பிள்ளையாருக்கு நோன்பு இருப்போம். ஆண்களை அன்றைக்கு வீட்டை விட்டுக் கிளப்பிவிடுவோம். ஆண்குழந்தையைக்கூட உள்ளே விடுவதில்லை. கொழுக்கட்டையில் உப்புப் போட மாட்டோம். இதுவரைக்கும் ஊருக்கே தெரியும். இதற்கு மேல் உள்ளே நடப்பதை நான் எழுத மாட்டேன். வசந்தா திருத்தும்போது இந்த இடத்தில் சிரிப்பாள், சிரிக்கட்டும். நோன்பில் வைக்கிற வேண்டுதலை ஆண்களிடம் சொல்லக்கூடாது, சொன்னால் பலிக்காது. அது எங்கள் வழக்கம்.

எங்கள் தெருவில் ஒரு பெண் வருஷக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். நான் போய்க் கஞ்சி ஊட்டிவிட்டு வருவேன். கண் மட்டும் சுழலும். பிள்ளைகள் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள், குறை சொல்ல முடியாது. ஆனாலும் அவள் மோட்டுவளையையே பார்த்துக்கொண்டு கிடப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்குள் ஒரு பயம் புகுந்துவிட்டது. சாவைப் பற்றிய பயம் அல்ல, அப்படிக் கிடந்துவிடுவேனோ என்ற பயம். போன ஆடி முதல் செவ்வாயில் வேண்டிக்கொண்டேன். பிள்ளையாரே, கடைசிவரைக்கும் காலும் மனசும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அதற்காகத் தை கடைசிச் செவ்வாய் வரைக்கும் நான் உப்பைத் தொட மாட்டேன்.

நோன்பன்று மட்டும் உப்பில்லாமல் சாப்பிடுவதுதான் வழக்கம். மாதக்கணக்கில் நீட்டியது நானாகச் செய்தது. பாக்கியம் அக்காவுக்குக்கூடச் சொல்லவில்லை. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை கொடுத்த டாக்டர் உப்பைக் குறையுங்கள் என்று முன்பே சொல்லியிருந்தார். டாக்டரும் பிள்ளையாரும் ஒரே பேச்சுப் பேசுகிறார்கள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். டாக்டர் குறைக்கத்தான் சொன்னார், விடச் சொல்லவில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. அந்த மாத்திரை சிறுநீரை அதிகமாகப் பிரிய வைக்கும், அதோடு உப்பும் போகும் என்பதும் தெரியாது. போதாததற்கு, தண்ணீர் நிறையக் குடித்தால் ஆரோக்கியம் என்று போனில் யாரோ பேசியதைக் கேட்டுச் செம்பு செம்பாகக் குடித்தேன். இருந்த உப்பும் கரைந்து போனது.

ஆஸ்பத்திரியில் உடம்பில் உப்பு இல்லை என்று சொன்னபிறகாவது சொல்லியிருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். சர்க்கரை நோய்க்காரர்களுக்குச் சர்க்கரை சாப்பிடாமலே ரத்தத்தில் ஏறுகிறதே, அதுபோல இதுவும் தனி வியாதி, சோற்று உப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நினைத்துக்கொண்டேன். மகன் முன்னாலும் பெரிய டாக்டர் முன்னாலும் வாய் திறந்தால் வேண்டுதல் கெட்டு, எதற்குப் பயந்தேனோ அதுவே வந்துவிடும் என்றும் நினைத்தேன்.

அதனால் தலை தெளிந்ததும் நான் செய்த வேலை, மறுபடி உப்பை விட்டதுதான். வசந்தா கொண்டுவருகிற ரசம் சாதத்தைப் பக்கத்துக் கட்டிலுக்குத் தள்ளிவிடுவேன். அங்கே மைமூன் என்று டவுன்காரப் பெண், காலில் புண்ணோடு படுத்திருந்தார்.

"என்னாங்க இது, மருமவ கொண்டாறதெல்லாம் எனக்கே குடுக்குறீங்க? நீங்க என்னா காத்தக் குடிச்சா இருக்கீங்க?"

"பசிக்கலங்க."

"பசிக்காமலா அந்தப் பன்ன அப்படிப் பிச்சித் தின்னீங்க?" என்று கேட்டுச் சிரித்தார். "எனக்கென்னா, ரசம் ருசியா இருக்கு. அல்லா அந்தப் புள்ளைக்கு நல்லதச் செய்யட்டும்."

பாலும் வாழைப்பழமும் பன்னும்தான் எனக்கு ஆகாரம். பாட்டிலை நிறுத்திப் பார்த்தார்கள். அடுத்த ரத்தப் பரிசோதனையில் உப்பு மறுபடி இறங்கியிருந்தது. பெரிய டாக்டருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சிறுநீரகமா, நுரையீரலில் கட்டி ஏதாவது இருக்குமா, புதுச்சேரிக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும் என்றார். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் ஒரு கூட்டம் அவரோடு வந்திருந்தது, எல்லாம் பையன்கள். அத்தனை பேர் நடுவில் என்னிடம், "இது என்ன மாசம்? நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லுங்கள் பார்ப்போம்" என்றார்.

எனக்குத் தெரியும். தொண்ணூற்று மூன்று என்று நாக்கு நுனியில் நின்றது. ஆனால் அத்தனை கண்கள் என்மேல். சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துவிட்டேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டார். மகனின் முகம் வாடிப்போனதைப் பார்த்தேன்.

அன்று சாயந்திரம் வராந்தாவில் அவன் வசந்தாவிடம் பேசியது சன்னல் வழியாக எனக்குக் கேட்டது.

"அம்மாவுக்கு ஞாபகம் போவுது வசந்தா. டாக்டரு சொல்லாம சொல்றாரு. புதுச்சேரியில காட்டிட்டு நேரா நம்ம மாடிக்குக் கொண்டாந்துடுவோம். நெரவி வீட்டப் பூட்டிடலாம், பூட்டுகூட வாங்கி வச்சிட்டேன். தனியா இனிமே கேட்டத் தாண்டப்புடாது."

"அத்தை இங்க நாளெல்லாம் என்னாங்க பண்ணுவாங்க?"

"டிவி இருக்குல்ல."

அன்போடுதான் சொன்னான். அதனால்தான் எனக்கு அவ்வளவு பயமாக இருந்தது. கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போடலாம். வாய்க்கால் இல்லை, பாத்தி இல்லை, தாயம் இல்லை, மாடியில் ஒரு நாற்காலி, எதிரில் டிவி. அந்தப் பெண் மோட்டுவளையைப் பார்த்தாள், நான் டிவியைப் பார்க்கப்போகிறேன். எதைத் தடுக்க உப்பை விட்டேனோ, உப்பை விட்டதே என்னை அங்கே கொண்டுபோய் வைக்கப்போகிறது என்று அப்போதுதான் மண்டையில் ஏறியது.

மறுநாள் காலையில் சுரக்குடி டாக்டரம்மா ரத்தம் எடுக்க வந்தபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நானாக ஒருவர் கையைப் பிடித்துப் பேசியது என் வாழ்நாளில் அபூர்வம்.

"அம்மா, நீங்க பொம்பளதான, ஒங்ககிட்ட சொல்லலாம்."

"என்னா பாட்டி?"

"ஆம்பளைங்க இருக்காங்க." மைமூனின் மருமகன் டீ கொண்டுவந்திருந்தான், துப்புரவு செய்கிறவர் ஒருவர் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். என்ன புரிந்ததோ, மூலையில் இருந்த பச்சைத் துணித் தட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து கட்டிலைச் சுற்றி மறைத்தார். "கொஞ்ச நேரம் வெளியில நில்லுங்கண்ணே" என்று இரண்டு பேரையும் அனுப்பினார். பிறகு குனிந்து, "செவ்வாக்கெழமையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஒங்களுக்கும் உண்டா?"

"எங்கம்மா இன்னும் விடலயே. சொல்லுங்க, எத்தன மாசமா உப்பு இல்ல?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டார். கடைசியில் பாட்டில் தொங்குகிற கம்பியைக் காட்டினார். "பாட்டி, இதுல இத்தன நாளா என்னா ஏறுச்சின்னு நெனச்சீங்க?"

"குளுக்கோசு."

"உப்புத் தண்ணி. அந்தப் பன்னுலயும் உப்பு இருக்கு. ஒங்க வெரதம் எப்பவோ முறிஞ்சிபோச்சி."

தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மைமூன், "நான் ஆம்பள இல்லங்க, நான் கேக்கலாம்ல?" என்றார். நாங்கள் மூன்று பேரும் சிரித்ததில் நர்ஸ் ஓடி வந்துவிட்டார்.

ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. தெரியாமல் ஏறியது வேறு, நானாக எடுத்துப் போட்டுக்கொள்வது வேறு. டாக்டரம்மா வற்புறுத்தவில்லை. ஒங்க ஊர்ல நோன்புக்குப் பெரியவங்க யாரு, அவங்கள வரச் சொல்லுங்க என்றார். பாக்கியம் அக்கா மத்தியானமே வந்து நின்றார். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அடி பாவி! எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா? பிள்ளையாரு கேட்டாரா ஒன்ன, இத்தன மாசம் உப்பத் தின்னாதடின்னு?"

"கையி காலு நல்லாருக்கணும்னுதானக்கா."

"நல்லாத்தான் இருக்கு, கட்டுலோட கட்டிப் போட்டிருக்காங்க. இந்தா பாரு, வேண்டுதல நான் முடிச்சி வச்சிட்டேன். பிள்ளையாருட்ட நான் பேசிக்கிறேன். அவரு கோச்சிக்கிட்டா ஏங்கிட்ட வரட்டும். வாயத் தொற."

வசந்தா கொண்டுவந்திருந்த டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்து என் நாக்கில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டேன். இத்தனை மாதம் கழித்து உப்பு எப்படி இருந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. மழை நின்று வெயில் அடித்தால் எப்படி இருக்கும், அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு ரசம் சாதம் முழுவதையும் நானே சாப்பிட்டேன். மைமூனுக்குத்தான் ஏமாற்றம்.

டாக்டரம்மா பெரிய டாக்டரிடமும் மகனிடமும், சாப்பாட்டில் உப்பே இல்லை, மாத்திரையும் தண்ணீரும் சேர்ந்து இழுத்துவிட்டது, அதுதான் காரணம் என்று மட்டும் சொன்னார். மாத்திரையை வேறாக மாற்றினார்கள்.

"ஏம்மா உப்பு சாப்புடல?" என்றான் மகன்.

நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன்.

"அத நீங்க கேக்கப்புடாது சார்" என்றார் டாக்டரம்மா.

அவன் விழித்தான். பிறகு, ஆடிச் செவ்வாயில் அப்பாவோடு வீட்டை விட்டு விரட்டப்பட்டுக் கோயிலில் போய்ப் படுத்த பிள்ளைதானே, கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. "ஓ..." என்று ஆரம்பித்துத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான்.

ஆனாலும் ஞாபகம் பற்றிய சந்தேகம் அவனுக்குப் போகவில்லை. உப்பு ஏறிவிட்டது, அதன்பிறகு நிலையாக நின்றது. தட்டியை மறைத்துக்கொண்டு டாக்டரம்மா தனியாகக் கேட்டபோது ஏழு ஏழாகக் கழித்துக் கடைசிவரைக்கும் சொன்னேன். அதை அவர் வந்து சொன்னதற்கும் மகன் தலையை ஆட்டினானே தவிர, கண்ணில் பயம் அப்படியே இருந்தது. வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்றுகூட, எந்த வீட்டுக்கு என்று அவன் சொல்லவில்லை.

அன்றைக்குப் பாக்கியம் அக்கா பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டைகள்தான் கட்டைக்குப் பதில்.

"தம்பி முருகையா, ஒங்கம்மாவுக்கு மூள போச்சுன்னியாமே. ஒக்காரு, ஒரு ஆட்டம் ஆடு."

"எனக்கு ஆபீசுக்கு..."

"தோத்துப்போவோம்னு பயமா?"

உட்கார்ந்தான். அவனுக்குச் சட்டைப் பொத்தான்கள் காய், எனக்கு மாத்திரை அட்டையைக் கிழித்த துண்டுகள். அவனுக்கு ஆட்டம் தெரியும், நான்தான் சொல்லிக்கொடுத்தேன். முதலில் எனக்காகத் தப்பாக ஆடினான். விட்டுக் கொடுக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது.

"டேய், எனக்காக வுட்டுக்குடுக்காத. மலையில ஏறு" என்றேன்.

அப்புறம் நிஜமாக ஆடினான். அவனுக்கு இரண்டு காய்தான் மிச்சம், அதில் முந்தியது பழமாக இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. வழியில் இருந்த மலையில் நின்றான். அவனுக்குப் பின்னால் இருந்த என் காயை நகர்த்தாமல் காத்திருந்தேன். வேறு காயைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். அவனுக்கு இரண்டு விழுந்து மலையை விட்டு இறங்கினான். எனக்கு ஐந்து வேண்டும். உருட்டினேன், ஐந்து.

"வெட்டு!" என்று கத்திவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது. கூச்சத்தில் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன்.

மகன் வெட்டுப்பட்ட பொத்தானைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான். பிறகு, "இதுக்குன்னே அவ்வளவு நேரமா காத்துக்கிட்டு இருந்தியாம்மா?" என்றான்.

"நீ எறங்குவன்னு தெரியும். சின்னப் புள்ளையிலேர்ந்தே ஒனக்குப் பொறுமை கெடயாது."

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே ஆபீஸ் பையைத் திறந்து, பேப்பரில் சுற்றிய என் செருப்பை எடுத்துக் கீழே வைத்தான். அதற்கடியில் புதுப் பூட்டு ஒன்று இருந்தது. "இதக் கடையில திருப்பிக் குடுத்துடுறேன்" என்றான். வசந்தா என் தலையைச் சீவிப் பின்னிவிட்டாள். ஆட்டோக்காரரிடம் அவன் சொன்ன இடம் நெரவி.

சும்மா விடவில்லை. தினமும் காலையில் போன் செய்ய வேண்டும், டாக்டர் சொல்லும்போதெல்லாம் போய் ரத்தம் பார்க்க வேண்டும். ஒத்துக்கொண்டேன். உப்பை இப்போது அளவாகச் சேர்க்கிறேன். இதைப் படிக்கிறவர்கள் நாளையிலிருந்து அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டாம், ரத்தக் கொதிப்புக்கு அதுவும் கெடுதல். கூட்டுவதானாலும் விடுவதானாலும் டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள். நோன்பு இருக்கிறவர்கள் இருங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒரு டாக்டரம்மாவின் காதிலாவது போட்டுவிடுங்கள். அவர்களும் பெண்கள்தானே. திடீரென்று தடுமாற்றம் வந்தால் வயசு என்று விட்டுவிடாதீர்கள். எல்லா மறதியும் மூப்பு அல்ல. காலும் மனசும் ஓடிக்கொண்டிருக்க நான் இப்போது வேண்டுவதில்லை, ஓட்டுகிறேன். வாய்க்கால் வரைக்கும் நடக்கிறேன். பாக்கியம் அக்காவுக்குப் பேப்பர் படித்துக் காட்டுகிறேன், செய்திக்குச் செய்தி அவர் திட்டுவதைக் கேட்கிறேன். மத்தியானம் தாயம். இப்போது இந்த எழுத்து வேலையும் சேர்ந்துகொண்டது.

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயந்திரம் பாக்கியம் அக்கா வீட்டில் நாங்கள் எல்லாரும் கூடியிருந்தோம். தெருவில் பைக் சத்தம் கேட்டது. மகன் எனக்கு மாத்திரை கொண்டுவந்திருக்கிறான். பெண்கள் கூட்டத்தைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு என் வீட்டு வாசலோடு நின்றுகொண்டான். கேட்டில் பையை மாட்டினான். நான் கையை ஆட்டியதைக்கூடப் பார்க்காமல், தலையைக் குனிந்துகொண்டு வண்டியைத் திருப்பினான்.

போய்ப் பார்த்தேன். மஞ்சள் பையில் மேலே மாத்திரை இருந்தது. அதற்கடியில் ஒரு பாக்கெட் உப்பு.

பின்னாலேயே வந்த பாக்கியம் அக்கா எட்டிப் பார்த்து, "ஓம் மவன் நோம்புக்கு உள்ள வரமுடியலன்னா என்னா, சீர் வச்சிட்டுப் போறான் பாரு" என்றார்.

உப்பில்லாத கொழுக்கட்டை ஒன்றே ஒன்று சாப்பிட்டேன். பிறகு வீட்டுக்கு வந்து அந்தப் பாக்கெட்டைப் பிரித்து, தயிர்சாதத்துக்கு அளவாகப் போட்டுப் பிசைந்தேன். சாப்பிடும்போதுதான் நினைத்துக்கொண்டேன். எங்கள் நோன்பு கெட்டுவிடும் என்று பயந்தவன் மாதிரி, தெருமுனை திரும்பும்வரைக்கும் அவன் ஹாரன்கூட அடிக்கவில்லை.